சிவப்புப் புள்ளியும் ஏழுமலை மாமாவின் மீசையும்

நன்றாகக் குறி பார்க்கத் தெரிந்த ஒருத்தி, இன்னும் நன்றாகக் குறி பார்க்கிறேன் பேர்வழி என்று காசு கொடுத்து அதைக் கெடுத்துக்கொள்வாளா? கொள்வாள். ஆறு வாரம் ஆராய்ச்சி செய்து, அட்டவணை போட்டுக் கெடுத்துக்கொள்வாள். அந்த அறிவாளி நான்தான்.

எங்கள் கரியமாணிக்கத்தில் ஆடிக் கடைசி வெள்ளி, அம்மன் திருவிழாவோடு பலூன் சுடும் போட்டியும் நடக்கும். ஏரிக்கரை மண்மேட்டில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் பத்துப் பலூன், கையில் பத்து ரவை. (துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். குழலை மடக்கி ரவை போடும் காற்றுத் துப்பாக்கிதான்.) நான் இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்தவள். இரண்டு முறையும் ஒன்பது பலூன். இரண்டு முறையும் எவர்சில்வர் குடம். (ஆண் ஜெயித்தால் மிக்சி, பெண் ஜெயித்தால் குடம். கமிட்டியின் கற்பனை அவ்வளவுதான்.)

புத்தியுள்ளவள் மூன்றாவது குடத்துக்கு இடம் ஒதுக்கியிருப்பாள். எனக்கோ அந்தப் பத்தாவது பலூன் தூக்கத்தைக் கெடுத்தது. போதாக்குறைக்கு நான் அப்போது பி.எஸ்சி. இயற்பியல், கடைசி வருடம். ஒளியியலில் வகுப்பிலேயே முதல்.

அப்போதுதான் யூடியூபில் ரெட் டாட் சைட்டைக் கண்டேன். துப்பாக்கி மேல் பொருத்தும் சின்னக் குழாய். பட்டனை அமுக்கினால் உள்ளே கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். புள்ளியை எதன்மேல் வைக்கிறோமோ அங்கே ரவை போகும். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம்.

என் பட்ஜெட்டில் அகப்பட்டவை இருபத்து மூன்று. அத்தனையையும் பனியில் நின்றுகொண்டு தாடிக்காரர்கள் சோதித்துக் காட்டினார்கள். வாளித் தண்ணீரில் போட்டார்கள், ஜீப்பை ஏற்றினார்கள். நான் சுடப்போவது ஏரிக்கரையில் பலூனை. இருந்தாலும், ஜீப் ஏறினால் தாங்குமா என்று அட்டவணையில் தனியாக ஒரு கட்டம் போட்டேன். எத்தனை அடி ஆழத்துக்குத் தண்ணீர் புகாது என்று இன்னொரு கட்டம். ஆடி மாத வெயிலில் புள்ளி கண்ணுக்குத் தெரியுமா என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றில் சிவப்பு மட்டும். இன்னொன்றில் சிவப்பும் பச்சையும் மாற்றிக்கொள்ளலாம். துப்பாக்கியின் சொந்தக்காரர் ஏழுமலை மாமா, என் அம்மாவின் தம்பி. வாங்கிய நாளிலிருந்து எதன்மேலும் படாமல் சுட்டுவிட்டு என்னிடம் கொடுத்திருந்தார். அவர் எட்டிப் பார்த்தார். (கலைச்செல்வி என்கிற நான் அவருக்கு வெறும் 'கல'.)

"இன்னாடி கல, ரெண்டு கலர் வர்றத வாங்கேன். ஒண்ணு தெரியலன்னா இன்னொண்ணு தெரியும்ல?"

"மாமா, உனக்கு ஆப்டிக்ஸ் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சும்மா இரு. பச்ச எல்லாம் வெளையாட்டுப் பசங்களுக்கு."

(இது யாரோ ஒரு புண்ணியவான் கமெண்டில் எழுதியது. என் சொந்த அறிவுபோல் எடுத்துவிட்டேன்.) மாமா சும்மா இருந்தார்.

குழாய் வந்தது. அதன் பிடி அகலம், துப்பாக்கியின் பள்ளம் குறுகல். இருபத்து மூன்றையும் அலசியவள் இதை அளந்து பார்க்கவில்லை. சைக்கிள் டியூபை வெட்டி இடையில் சொருகி முறுக்கினேன். எட்டிப் பார்த்தால், குழல் நுனியில் குறி பார்ப்பதற்கென்றே இருந்த இரும்பு முளை, புள்ளிக்குக் கீழே துருத்திக்கொண்டு தெரிந்தது. அழகு கெட்டது. நெட்டப்பாக்கம் லேத் பட்டறைக்குத் தூக்கிப்போனேன்.

"ஏம்மா, நல்லாத்தான இருக்குது? அறுத்துட்டா அப்பால ஒட்ட முடியாது" என்றார் பட்டறை அண்ணன்.

"பழைய டெக்னாலஜிண்ணா. அறுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறுத்தார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் கல்லூரி விட்டு வந்து, பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் பயிற்சி. மங்கிய வெளிச்சத்தில் புள்ளி நெருப்புத் துண்டு மாதிரி ஜொலித்தது. வெள்ளைத் தாளில் பத்துக்குப் பத்து. "இது மிஷினு மாமா, தப்பவே தப்பாது" என்றேன். மாமா அதை அப்படியே நம்பினார்.

மாமாவுக்கு வயது முப்பத்து மூன்று. மீசை ஒன்றுதான் சொத்து; முகத்தில் மற்றவையெல்லாம் அதற்குத் துணையாக வந்தவை. திருவிழா முடிந்து மறுநாளைக்கு மறுநாள், ஆவணி பிறந்த முதல் ஞாயிறு, பாகூரிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்களுக்குப் போயிருந்த போட்டோவில் பாதி இடம் மீசைதான்.

போட்டிக்கு முதல் நாள் கோயில் வளைவுக்குப் பலூன் கட்டினோம். அம்மனுக்கு உகந்தது சிவப்பு என்று கமிட்டி மூட்டை நிறையச் சிவப்புப் பலூனாக வாங்கியிருந்தது. கன்னம் வலிக்க நானே ஊதினேன். "மீந்தத நாளிக்குப் போட்டிக்கு வெச்சிக்கலாம்" என்றான் மைக் செட் சேகர். "நல்ல ஐடியா" என்றேன். ஒளியியலில் வகுப்பிலேயே முதல்.

மறுநாள் பதினொரு மணி. ஆடி வெயில் பல்லைக் காட்டியது. சுத்துக்கேணியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் பிரகாசு, திருவிழா பலூன் கடையில் இருந்த கோணல் துப்பாக்கியை இரவல் வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடி ஏழு பலூனை உடைத்தான். நான் எழுந்தேன். மாமா சேகரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எங்கக்கா பொண்ணு இப்ப சுடும். அது ஜெயிக்கலன்னா இந்த மீசைய இங்கியே எடுத்துடறேன்!"

"டேய் ஏழுமல, ஞாயித்துக்கெழம பொண்ணூட்டுக்காரங்க வராங்கடா!" என்று அம்மா கூட்டத்திலிருந்து அலறினாள்.

"நீ சும்மா இருக்கா. அது மிஷினு. தப்பாது."

துப்பாக்கியைத் தூக்கினேன். புள்ளியைக் காணோம். வெளிச்சத்தைக் கூட்டும் பட்டனைக் கடைசிவரை அமுக்கினேன். வெள்ளைப் பலகைமேல் மூக்குத்திக் கல் மாதிரி லேசாக மினுக்கியது. அப்படியே பலூன்மேல் நகர்த்தினேன். கரைந்துபோனது. சிவப்புப் பலூன்மேல் சிவப்புப் புள்ளி.

"கலைச்செல்வி குறி பாக்குது..." சேகர் மைக்கில் ஆரம்பித்தான். "பாக்குது... இன்னும் பாக்குது... இன்னா கல, பரீட்சயா எழுதற?"

முதல் ரவை பலகையின் சட்டத்தில். இரண்டாவது மண்மேட்டில். மூன்றாவதுக்கு ஒரு பலூன் உடைந்தது. நான் குறி வைத்தது அதற்குப் பக்கத்துப் பலூனை. கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

பிரகாசு கிட்டே வந்து அந்தக் கோணல் துப்பாக்கியை நீட்டினான். "எக்கா, இத்த வாங்கிக்கோ. லைட்டா எடப்பக்கம் இழுக்கும், அவ்ளோதான்."

பாக்கி ஏழு ரவை. ஏழும் பட்டால் எட்டு, மீசை பிழைக்கும். வெறுங்கண்ணால் ஒன்பது உடைத்தவள்தானே நான்? மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வாங்கிக்கோடி கல."

"சிஸ்டம் புரியாம பேசாத மாமா" என்றேன்.

வாழ்க்கையில் எத்தனையோ முட்டாள்தனமான வாக்கியங்களைச் சொல்லியிருக்கிறேன். இதை மிஞ்ச இன்னொன்று அமையவில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் துப்பாக்கி உதற, சூடேறி இளகிய சைக்கிள் டியூபில் குழாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வழுக்கியது. எட்டாவது ரவையில் கழன்று தரையில் விழுந்தது.

"ஒரு பொருள் கீழ விழுந்துடுச்சி" என்று அறிவித்தான் சேகர். "பலூன் இல்ல."

குனிந்து பார்த்தேன். என் நிழலில் கிடந்த குழாய்க்குள் புள்ளி பிரமாதமாக எரிந்துகொண்டிருந்தது.

மிச்சம் இரண்டு ரவை. குறி பார்க்க நுனியில் முளையும் இல்லை, மேலே புள்ளியும் இல்லை. வெறும் குழலைப் பலகைப் பக்கம் திருப்பிச் சுட்டேன். மொத்தம் மூன்று. பிரகாசு மிக்சியோடு சுத்துக்கேணிக்குப் போனான்.

திருவிழாவில் முடி இறக்க நாவிதர் தயாராக உட்கார்ந்திருந்தார். மாமா போய் எதிரில் அமர்ந்தார். "மொட்டையா?" என்றார் அவர். "மீச மட்டும்." அம்மா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "ஊரு முன்னாடி சொல்லிட்டேன்க்கா" என்றார் மாமா. அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

ஞாயிற்றுக்கிழமை பாகூர்க்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள். நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மாமாவிடம் பெண்ணின் அப்பா கேட்டார்: "தம்பி, மாப்ள எப்ப வருவாரு?"

"நான்தாங்க."

அவர் மாமாவின் மூக்குக்குக் கீழே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "அப்பா தவறிட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லியனுப்பக் கூடாதா? இந்த நேரத்துல வந்து நிக்கிறமே..." கூட வந்த பெண்மணி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார்.

மாட்டுக் கொட்டகையிலிருந்து தாத்தா வந்தார். "யாரு தவறிட்டாங்க?"

"அப்பா நல்லாத்தாங்க இருக்காரு" என்றாள் அம்மா, கூனிக் குறுகி. "எம் பொண்ணு பலூன் சுட்டா. அதான்."

முழுக் கதையும் சொல்லவேண்டி வந்தது. அம்மா ஒன்றையும் விடவில்லை. லேத் பட்டறை உட்பட. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பாகூர்க்காரர் இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "சொன்ன வார்த்தைக்கு மீசையே போனாலும் பரவால்லன்னு ஒக்காந்த ஆளு, எம் பொண்ண நல்லாத்தான் வெச்சிக்குவாரு. ஆனா மொளச்ச பொறவுதான் கல்யாணம். எத்தினி பேருகிட்ட நான் பலூன் கத சொல்ல முடியும்?"

தை மாதம் கல்யாணம் நடந்தது, முழு மீசையோடு. (சம்பந்தம் முடிந்ததில் என் பங்கை யாரும் குறிப்பிடவில்லை.) எல்லாம் முடிந்து ஆறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் சலூன்காரர் கை தவறி, மாமாவின் மீசை ஒரு பக்கம் குறைந்துபோய், சரிசெய்கிறேன் என்று மறுபக்கமும் குறைந்து, கடைசியில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அந்த முகத்தோடு பாகூருக்குப் போயிருக்கிறார். வாசலிலேயே மாமனார் மறித்துக் கேட்டாராம்:

"இன்னா மாப்ள, அப்பாவா, பலூனா?"