வாயை மூடாதே என்ற உன் வைத்தியம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நான் நலமில்லை. உன் நலத்தை அறிய இன்றைக்கு ஆவலும் இல்லை. மாமாவுக்கு மட்டும் என் வணக்கத்தைச் சொல். உன்னோடு குடித்தனம் நடத்துகிற மனிதரைக் கும்பிடத்தான் வேண்டும்.

என் பெண் வாண்டுக்கு இரண்டு வயது முடிந்தும் ஒரு வார்த்தை வரவில்லை, காதைச் சோதித்தாயிற்று, பழுதில்லை, என்ன செய்வது என்று அழாத குறையாக உன்னைக் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "நீ உம்மணாமூஞ்சியா இருந்தா குழந்தை எங்கேருந்துடா பேசும்? என்ன செய்றியோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய். வாயை மூடவே கூடாது." மழலையர் பள்ளி நடத்துகிறவள் ஆயிற்றே என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்குப் பேச்சு எதற்கு? ஸ்பேனருக்குக் காது உண்டா? இருந்தும் பேசினேன். "அப்பா சட்டை போடறேன், அப்பா பொத்தான் போடறேன், அடச்சே, அப்பா மாத்திப் போட்டுட்டேன்" என்று விடிந்ததிலிருந்து நேர்முக வர்ணனை. வாண்டு விரலைச் சூப்பிக்கொண்டு, டிக்கெட் வாங்கி வந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். என் மனைவியோ, "பொண்ணு பார்க்க வந்தப்பவே இப்படிப் பேசியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்கிறாள். வீட்டோடு நின்றிருந்தாலாவது பொறுத்திருப்பேன். பழக்கம் என் பையோடு வேலைக்கும் வந்துவிட்டது. நேற்று ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் நின்றுபோன லிஃப்டின் தலைமேல் நிற்கிறேன், பக்கத்து லிஃப்டில் ஆட்கள் போகிறார்கள், நான் என்னை மறந்து, "அப்பா இப்போ பிரேக்கைக் கழட்டறேன்! அய்யய்யோ, கயிறு எப்படித் தேஞ்சிருக்கு பாரு! லிஃப்ட் கீழே போகுது, டாட்டா சொல்லு!" என்கிறேன், லிஃப்ட் ஓடும் அந்தக் குழாய்க்குள் குரல் இடி மாதிரி எதிரொலிக்கிறது, உள்ளே இருந்தவர்கள் எல்லாப் பொத்தானையும் அமுக்கி அடுத்த மாடியிலேயே இறங்கிப் படிக்கட்டில் ஓட்டம், ஒருவர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு. "யாருய்யா அந்த அப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் கட்டடக்காரர். முதலாளி கூப்பிட்டுத் திட்டும்போதாவது சும்மா இருந்தேனா? "முதலாளி கத்தறார், அப்பா பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறேன்" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லித் தொலைத்தேன். இப்போது கிடங்கில் நட்டு பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அது கிடக்கட்டும். இந்த வேலை போனால் இன்னொரு லிஃப்ட். இவ்வளவு கொட்டியும் அந்தக் குழந்தை வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லையே, ஆத்திரம் அதற்குத்தான். விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு எங்கே என்று இருட்டிலும் தடவிச் சொல்வேன். இங்கே எனக்குத் தெரியவில்லை அக்கா.

அதனால் நேற்றிலிருந்து வாயை மூடிவிட்டேன். நீ யோசனையும் சொல்ல வேண்டாம், இந்தப் பக்கம் வரவும் வேண்டாம். உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீ மூத்தவள், உனக்கு நான் ஆசி சொல்ல முடியாது. தப்பித்தாய்.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்ட தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வாண்டு மடியில் ஏறினாள். நான் பேசவில்லை. என் தாடையைப் பிடித்து ஆட்டினாள். அப்போதும் பேசவில்லை. முகத்துக்கு நேரே வந்து, "பேசு" என்றாள். அட்சர சுத்தமாக! சமையலறையிலிருந்து ஓடிவந்த என் மனைவி கரண்டியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்து அழுகிறாள். முதல் வார்த்தையே அதட்டல். அத்தையைத்தான் உரித்து வைத்திருக்கிறாள். உடனே புறப்பட்டு வா. மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுத எனக்கு நேரமில்லை, பேச வேண்டியிருக்கிறது.