துடைக்கும் துணிக்குக் கார்டு

"இந்த மாசமும் குறையுதும்மா," என்று கண்ணாடிக் கடைக்காரர் தொலைபேசிக்குள் கிசுகிசுத்தார். "நான் வித்தது ஒரு கணக்கு. நீங்க என் பேங்க்ல போட்டது ஒரு கணக்கு. நடுவுல எங்க போச்சு?"

கிசுகிசுக்கக் காரணம் இருந்தது. மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடையில் வேலைப் பிரிவினை தெளிவானது. கண் அவளுடைய இலாகா, காசு அவருடையது. கார்டு மெஷின் வாங்கியது காசு இலாகாவின் தனி முடிவு. "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்று கண் இலாகா அன்றே எச்சரித்திருந்தது.

"எங்கயும் போகலை சார்," என்றாள் மெஷின் கம்பெனியின் சேவை மையப் பெண். தேன் தடவிய குரல். "எங்க கமிஷன், மெஷின் வாடகை, பாதுகாப்புக் கட்டணம், அறிக்கைக் கட்டணம் எல்லாம் போக மிச்சம் உங்களுக்கு வந்திருக்கு."

"அறிக்கையா? எனக்கு எந்த அறிக்கையும் வரலையே."

"அது அனுப்பறதுக்கு இல்ல சார். தயார் பண்றதுக்கு."

"அப்போ தயார் பண்ண வேண்டாம்."

"வேண்டாம்னு மாத்தறதுக்கு ஒரு மாற்றக் கட்டணம் இருக்கு. மாத்தட்டுமா?"

"ஐயோ, இருங்க. எதையும் தொடாதீங்க."

"அது போக, ஒவ்வொரு தடவை கார்டு தேய்க்கும்போதும் ஒரு நிலைக் கட்டணம். பெரிய தொகையா இருந்தாலும் சின்னத் தொகையா இருந்தாலும் அது ஒண்ணுதான்."

"மெஷினத் திருப்பிக் குடுத்துட்டா?"

"தாராளமா குடுக்கலாம் சார். மிச்ச மாசத்து வாடகைய மட்டும் மொத்தமா கட்டிடணும்."

"இதெல்லாம் என்கிட்ட யாரு சொன்னா?"

"ஒப்பந்தத்துல இருக்கு. கடைசிப் பக்கம், அடியில. எழுத்துதான் கொஞ்சம் பொடியா இருக்கும்."

தடுப்புக்கு அப்பாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "கடைசி வரி தெரியுதா?"

"தெரியல," என்றார் உள்ளே உட்கார்ந்திருந்தவர்.

"பரவால்ல. நிறைய பேருக்குத் தெரியாது."

கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

விஷயம் மனைவிக்குத் தெரியும்முன் சரிக்கட்டியாக வேண்டும். அவர் ஓர் அட்டையை எடுத்தார். கண்ணாடி போடாதவரும் தெருமுனையில் நின்று படிக்கிற அளவுக்குக் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'கார்டில் செலுத்தினால் இரண்டு சதவீதம் கூடுதல்.' வாசலில் மாட்டினார்.

"இதென்னங்க புதுசா?" என்றாள் மனைவி.

"எல்லாக் கடையிலயும் போடறாங்க. சும்மா ஒரு இதுக்கு."

பாதி அலமாரியை இறக்கிப் பார்த்து ஒரு ஃபிரேமைத் தேர்ந்தெடுத்த ஓர் அம்மாள், பணம் கட்ட வந்த இடத்தில் அட்டையைப் பார்த்தார். ஃபிரேமைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்து யாருக்கோ பேசிக்கொண்டே வெளியேறினார். யாருக்குப் பேசினார் என்பது மறுநாள் காலை தெரிந்தது.

"உங்க கடையில கூடுதல் வசூல் பண்றதா ஒரு புகார் வந்திருக்கு சார்," என்றாள் தேன்குரல். "ஒப்பந்தப்படி அது தப்பு. எங்க ஆள் ஒருத்தர் வாடிக்கையாளர் மாதிரி வந்து பார்ப்பாரு. உண்மைன்னு தெரிஞ்சா அபராதம். விசாரணை முடியற வரைக்கும் உங்க பணத்தையும் நிறுத்தி வெப்போம்."

கடைக்காரர் வாசலில் தொங்கிய அட்டையை எட்டிப் பார்த்தார். பணம் நின்றால் லென்ஸ் மொத்த வியாபாரிக்கு என்ன பதில் சொல்வது? கடன் என்று வாயைத் திறந்தாலே போனை வைக்கிற மனுஷன் அவர்.

"எப்பம்மா வருவாரு?"

"அதச் சொல்லிட்டா அவரு எப்படி சார் வாடிக்கையாளர் மாதிரி வர முடியும்?"

அட்டை ஒரே பாய்ச்சலில் கீழே இறங்கியது. ஆனால் வெறும் ஆணி மட்டும் தெரிந்தால் எதையோ மறைத்தது போலிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அட்டையைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் அதே கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினார்: 'எந்தத் தொகைக்கும் கார்டு ஏற்கப்படும்.'

மனைவி அதைப் படித்தாள். பிறகு அவரைப் படித்தாள்.

"நேத்து கூடுதல்னு போட்டீங்க. இன்னிக்கு எந்தத் தொகைக்கும்ங்கிறீங்க. உடம்புக்கு ஏதாவதா?"

"வியாபாரத்துல இதெல்லாம் ஒரு தந்திரம்."

"யாரு யார ஏமாத்தற தந்திரம்?" என்று கேட்டுவிட்டு அவள் தடுப்புக்குள் போய்விட்டாள்.

அன்று மத்தியானமே ஓர் ஆள் வந்தார். கட்டம் போட்ட சட்டை, கக்கத்தில் ஒரு தோல் பை. வாசலில் நின்று அட்டையை உதடு அசையப் படித்தார். தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். உள்ளே வந்து கடையை ஒரு சுற்று நோட்டம் விட்டார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கடையிலேயே விலை குறைந்த சாமானான கண்ணாடி துடைக்கும் துணியில் கை வைத்தார்.

"இது ஒண்ணு. கார்டுல எடுப்பீங்கல்ல?"

இவர்தான் கம்பெனி ஆள் என்று கடைக்காரருக்குத் தோன்றிவிட்டது. கண்ணாடி போடாத ஆளுக்குத் துடைக்கிற துணி எதற்கு?

"ஆஹா. தாராளமா."

"கூட எதுவும் சேத்து எடுக்க மாட்டீங்களே?"

"சேச்சே. நம்ம கடையில அந்தப் பழக்கமே கிடையாது சார்."

மெஷின் சீட்டைத் துப்பியது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்து, தோல் பைக்குள் பத்திரப்படுத்தினார். துணியில் வந்த லாபத்தைப் போல இரண்டு மடங்கு நிலைக் கட்டணத்தில் போயிற்று. தொலையட்டும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று கடைக்காரர் மூச்சுவிட்டார்.

மறுநாள் அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை இரண்டு துணி.

"தனித்தனியா பில் போடுங்க," என்றார்.

"தனித்தனியாவா?"

"ஏன், முடியாதா?"

அந்தக் கேள்வியில் ஒரு கூர்மை இருந்தது. கடைக்காரர் தனித்தனியாகத் தேய்த்தார்.

அதற்கடுத்த நாள் யாருடையதோ ஒரு பழைய கண்ணாடியைக் கொண்டுவந்து, திருகு கழன்றுவிட்டது என்றார். கடைக்காரர் ஒரு திருகைப் போட்டு முறுக்கிக் கொடுத்தார்.

"இதுக்கெல்லாம் காசு வாங்கறதில்ல சார்."

வந்தவரின் முகம் இருண்டது. "இல்ல, வாங்கிக்கங்க. கார்டுல."

கார்டை மறுக்கிறேனா என்று பார்க்கிறான், பொல்லாதவன், என்று கடைக்காரர் உள்ளுக்குள் பல்லைக் கடித்தார். ஒரு திருகுக்குக் கார்டு தேய்த்த முதல் மனிதர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து, கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்திருந்த பேருந்து ஓட்டுநர் உள்ளே வந்தார். பெரிய பவர், விலை கூடிய லென்ஸ். பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து நீட்டினார். கட்டம் போட்ட சட்டை திரும்பிப் பார்த்தது.

"காசெல்லாம் எதுக்கு?" என்றார் கடைக்காரர் சத்தமாக. "கார்டுல குடுங்க."

"காசு கையில இருக்குங்க."

"இருக்கட்டும். அது உங்க செலவுக்கு ஆகும். கார்டு வெச்சிருக்கீங்கல்ல?"

"காச வேணாங்கிற கடைய இப்பதான் பாக்கறேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுநர் கார்டை எடுத்தார். பெரிய தொகை, பெரிய கமிஷன். அதைவிட மோசம், அந்தப் பணம் பேங்குக்கு வந்து சேர நாள் பிடிக்கும். லென்ஸ் வியாபாரி அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை.

"காசு வந்தா லென்ஸ் வரும்," என்றார் அவர் போனில்.

"ரெண்டு நாள் பொறுங்கண்ணே. பணம் மெஷினுக்குள்ள இருக்கு."

"அப்போ மெஷினுக்குள்ளயே லென்ஸையும் தேடிக்கங்க."

மாதக் கடைசி நாள் காலையில் ஓட்டுநர் கடை திறக்கும்போதே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு லீவு முடியுது. வண்டி எடுத்தாகணும். நிறுத்தத்துல நிக்கறது ஆளா, கம்பமான்னே தெரியல. கண்ணாடி எங்க?"

"சாயங்காலம்," என்றார் கடைக்காரர்.

"எந்த சாயங்காலம்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மனைவி தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். "லென்ஸ்காரர் இப்பதான் எனக்குப் போன் பண்ணாரு. உள்ள வாங்க."

உள்ளே, கண் பரிசோதிக்கிற நாற்காலியில் அவரை உட்காரவைத்து அவள் கேட்டாள். எதிரே எழுத்துப் பலகை. அதைப் பார்த்துக்கொண்டே அவர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். வாடகை, கமிஷன், அட்டை, புகார், கட்டம் போட்ட சட்டை. ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்கவும் இனி எதுவும் இல்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"ஒரு திருகுக்குக் கார்டு தேய்ச்சிருக்கீங்க," என்றாள் மெதுவாக.

"கம்பெனி ஆளும்மா. மறுக்க முடியுமா?"

"நாம என்ன கொலையா பண்ணிட்டோம்? ஒரே ஒரு நாள் ஒரு அட்டைய மாட்டினோம். அந்த ஆள் வந்தா நேராவே கேட்டுருங்க."

"கேட்டா மாட்டிக்குவோம்."

"கேக்காம இருந்தா கடையச் சாத்திக்குவோம்."

பரிசோதனைக் கட்டணமாகச் சேர்த்து வைத்திருந்த ரொக்கத்தை எடுத்துக்கொண்டு அவளே லென்ஸ் வியாபாரியிடம் போனாள். சாயங்காலம் லென்ஸோடு திரும்பி வந்து, ஃபிரேமில் பொருத்த உட்கார்ந்தாள். ஓட்டுநர் காலையிலிருந்து பெஞ்சை விட்டு அசையவில்லை.

கடை சாத்தும் நேரத்தில் கட்டம் போட்ட சட்டை உள்ளே ஓடி வந்தது. மூச்சு வாங்கியது.

"துணி ஒண்ணு. கண்ணாடிக் கயிறு ஒண்ணு. கூடு ஒண்ணு. மூணும் தனித்தனியா. சீக்கிரம்."

கடைக்காரர் கார்டைத் தேய்த்தார். மெஷின் யோசித்தது. இன்னும் யோசித்தது. 'இணைப்பு இல்லை' என்றது.

வந்தவரின் முகம் வெளிறியது. "இல்லையா? இன்னிக்குன்னு பாத்தா இல்லாம போகணும்?"

"வந்துரும் சார், வந்துரும்." கடைக்காரர் மெஷினைத் தட்டினார். ஊதினார். ஜன்னலோரம் கொண்டுபோனார். நாற்காலிமேல் ஏறி உயரே தூக்கிப் பிடித்தார். 'இணைப்பு இல்லை.'

"வெளிய போய்ப் பாக்கலாமா?" என்றார் வந்தவர்.

இருவரும் தெருவுக்குப் போனார்கள். கடைக்காரர் மெஷினைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தார். வந்தவர் கார்டை நீட்டிக்கொண்டே அவர் பின்னால் நடந்தார். போகிறவர்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். ஓட்டுநர் கண்ணை இடுக்கி வாசல் வழியாகப் பார்த்து, "அங்க என்ன, யாராவது சண்டை போடறாங்களா?" என்று விசாரித்தார்.

தெருவிளக்குக் கம்பத்தடியில் மெஷினுக்கு உயிர் வந்தது. ஒரு சீட்டு. இன்னொரு சீட்டு. மூன்றாவதும் வந்தது. வந்தவர் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். கடைக்காரரும் துடைத்துக்கொண்டார்.

உள்ளே வந்ததும் மனைவி ஓட்டுநரின் காதில் கண்ணாடியை மாட்டினாள். மாட்டிக்கொண்டே கணவனைப் பார்த்தாள். 'கேளுங்க' என்றது பார்வை.

அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. உடைந்துபோனார்.

"சார், உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். ஒரே ஒரு நாள்தான் அந்த ரெண்டு சதவீதம் போட்டேன். யார்கிட்டயும் வாங்கக்கூட இல்ல. வந்த அம்மாவும் வாங்காமலே போயிட்டாங்க. கம்பெனியில சொல்லிடாதீங்க. பணத்த நிறுத்திட்டா கடை நின்னுரும். இவ ராப்பகலா உழைச்ச கடை."

வந்தவர் தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மனைவியைப் பார்த்தார், ஓட்டுநரைப் பார்த்தார், மறுபடி கடைக்காரரைப் பார்த்தார்.

"எந்தக் கம்பெனியில?"

"நீங்க வேலை பாக்கற கார்டு கம்பெனியில."

"நான் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாருங்க."

மனைவிதான் முதலில் பேசினாள். "அப்போ இத்தனை துணி எதுக்கு சார்? உங்களுக்குக் கண்ணாடியே கிடையாதே."

கணக்கு வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து, ஏதோ கெட்ட பழக்கத்தை ஒப்புக்கொள்கிறவரைப் போல மேசைமேல் வைத்தார்.

"மாசத்துக்கு இத்தனை தடவை தேய்க்கலன்னா இதுக்கு அபராதம் போடறாங்க சார், இந்தத் தெருவுலயே முகம் சுளிக்காம தேய்ச்சுக் குடுக்கற ஒரே மனுஷன் நீங்கதான்."