ஊறப்போட்ட விசிறி

தோல் ஊருக்கு வாழ்க்கைப்பட்டால் கொஞ்ச நாளில் மூக்கு பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பழகிவிட்டது. கூடவே மூளையும் ஊறிப்போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் பதனிடுகிற ஷாப்பில் என் வீட்டுக்காரர் தோல் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். பெரிய மேஸ்திரி வேலையை விட்டுப் போகிற சமயம் அது. அந்த இடம் இவருக்குத்தான் என்று சாயபு பாதி வாக்குக் கொடுத்திருந்தார். (மீதிப் பாதிக்காக நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.)

அந்தக் கோடையில் என் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பார்க்க வந்த சாயபுவின் மனைவி பீபியம்மா, தம் கையிலிருந்த மடக்கு விசிறியால் வீசினார். ஓயாமல் அழுத பிள்ளை, அதில் வரைந்திருந்த பாலத்தையும் அதன்மேல் நின்ற பெண்ணையும் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனது.

“எங்க மாமியாரோட நானி, அவங்க பாட்டி, வெச்சிருந்தது. சீனான்றாங்க, ஈரான்றாங்க, சீமைன்றாங்க. அல்லாவுக்குத்தான் தெரியும்,” என்றார் பீபியம்மா. “எங்க பொண்ணுக்கு நிக்கா அன்னைக்குக் கையில குடுக்கணும். அதுவரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும்.”

வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவோ என்று யோசித்தேன். வாங்கிக்கொண்டால் பேராசையோ என்றும் யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அவருடைய வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

மறுநாளே குழந்தை அதன்மேல் பால் கக்கிவிட்டது, சரியாக அந்தப் பெண்ணின் முகத்தில். துடைத்தேன்; கறை பரவியது. இன்னும் துடைத்தேன், பாலம் வரைக்கும் போயிற்று. வீட்டுக்காரர் ஷாப்பிலிருந்து வந்தபோது நானும் குழந்தையும் சேர்ந்து அழுதுகொண்டிருந்தோம்.

அவர் விசிறியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் சுண்டினார். ஓரத்தைக் கடித்துப் பார்த்தார்.

“இதுக்கா அழுவுறே? இது காயிதம் இல்ல. ஆட்டுக்குட்டித் தோல். இன்னா மெல்லிசா சீவியிருக்கான் பாரு.”

“காயிதம் மாதிரி இருக்குதுங்க.”

“மாதிரிதான் இருக்கும். காயிதம்னா இத்தினி வருஷம் தாங்குமா? ஊறப்போடு. தோலைத் தண்ணி இன்னா செஞ்சிடும்? கறை கழண்டுடும். நெழல்ல காயவெச்சா புதுசு.”

மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். காகிதத்தில் விசிறி மடித்துப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். இருந்தாலும் தோலைப் பற்றி அவரோடு வாதாட நான் யார்? (காகிதத்தைப் பற்றி வாதாடியிருக்கலாம் என்பது பிறகுதான் தோன்றியது.) மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, விசிறியை விரித்துப் படுக்கவைத்து, தூசி விழாமல் மூடியும் போட்டேன்.

காலையில் திறந்தபோது மூங்கில் குச்சிகள் மிதந்தன. அடியில் காகிதக் கஞ்சி. கையைவிட்டுத் துழாவினேன். பாலம் விரலிடுக்கில் வந்தது. அந்தப் பெண்ணின் ஒரு கண் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது.

அவர் வெகுநேரம் சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் ஜாஸ்தி ஊறிடிச்சு,” என்றார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு, அம்மா வீட்டுக்கு ரயிலேறிவிடலாமா என்று பார்த்தேன். அங்கேயும் காரணம் கேட்பார்களே. கடைசியில் குச்சிகளைத் துணியில் முடிந்துகொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பீபியம்மா வீட்டுக்கே போனேன்.

“இன்னாம்மா இது?”

“விசிறிங்க.”

“மீதி?”

“வீட்டுல சட்டியில இருக்குதுங்க.”

பீபியம்மா குச்சிகளை மடியில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். திட்டியிருந்தால் தேவலை. அதைப் பார்க்கத் தாங்காமல் நான் தோல் என்றும் கறை என்றும் ஊறல் என்றும் உளறிக் கொட்டினேன். திரைக்கு அந்தப் பக்கம் சாயபு இருமியது அப்போதுதான் காதில் விழுந்தது.

“தோல்னு எவன் சொன்னது?”

நானாகத்தான் நினைத்துக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் என் கவலையெல்லாம் வீட்டுக்காரருடைய தொழிலுக்கு இழுக்கு வந்துவிடக்கூடாதே என்பதில் இருந்தது.

“எங்க வீட்டுக்காரருங்க. சும்மா சொல்லலீங்க. நல்லா கடிச்சுப் பாத்துத்தான் சொன்னாரு.”

சாயபு மறுபடி இருமினார்.

“ஷாப்புலயும் இப்படித்தான் கடிச்சுப் பாக்குறானா?”

மேஸ்திரி வேலை வேறொருவருக்குப் போயிற்று. இவரைத் தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பட்டையைப் பார்த்து வேறெதுவோ என்று யாராலும் சொல்ல முடியாது என்று சாயபு நினைத்திருக்க வேண்டும். இன்னும் அங்கேதான் இருக்கிறார், தும்மிக்கொண்டு. என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பீபியம்மா மனசில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் ரம்ஜானுக்குச் சேமியா பாயசம் தவறாமல் வருகிறது. கொண்டுவருகிற வேலைக்காரி ஜமீலாதான் கிண்ணத்தைச் சட்டென்று கொடுக்கமாட்டாள். வாசலிலேயே நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் நீட்டுவாள்:

“இது பீங்கான். தண்ணியில போடலாம்னு பீபியம்மா சொல்லச் சொன்னாங்க.”