கடைசி அத்தியாயம் படிக்காத ராக்கெட் அண்ணாச்சி

நாவல்களில் செவ்வாய்க் கிரகத்துக்குப் போன கதாநாயகர்கள் அத்தனை பேரும் சுங்க அனுமதி இல்லாமல் இறங்கியவர்கள் என்று கண்டுபிடித்தவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ராக்கெட் அண்ணாச்சி ஒருவர்தான்.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே கப்பல் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்குப் பக்கத்து மேஜை அவருக்கு. கப்பல் தாமதமானால் நாங்கள் டீ குடிக்கப் போவோம். அவர் பழைய புத்தகக் கடையில் அள்ளி வந்த விஞ்ஞான நாவல் ஒன்றைப் பிரித்துவிடுவார். சும்மா படித்தால் பரவாயில்லை, சண்டைக்கும் வருவார்.

"ஏலே, இங்கன பாரு. அம்புட்டுப் பெரிய விண்கலம். தெரியாத கிரகம். துறைமுகப் பைலட் ஏறி வழி காட்டாம இவன் பாட்டுக்கு உள்ள வாரான்! தரை தட்டாதா?"

"அங்க ஏது அண்ணாச்சி துறைமுகம்?"

"அதாம்ல கேக்கேன். துறைமுகமே இல்லாத ஊருக்கு எவன் இவனுக்குச் சரக்கு ஏத்திவிட்டான்?"

காலத்தில் பின்னோக்கிப் போகிறவன் கதையைப் படித்த அன்று மனுஷனுக்கு வேலையே ஓடவில்லை. "ஆதிமனுசனப் பாக்கப் போறானாம், கூறுகெட்டவன். போன வாரத்துக்குப் போயி சுங்கத்துல மாட்டிக் கெடக்க நம்ம முந்திரிக் கன்டெய்னரை வெளிய எடுத்திருக்கலாம்லா?"

ஆனால் எந்த நாவலிலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் தொடமாட்டார். கலம் பூமிப் பக்கம் திரும்பியதும் புத்தகத்தை மூடிவிடுவார். "திரும்பிட்டாம்லா, இனி வந்து சேந்துருவான்." மேற்கொண்டு படித்துத் தொலைத்தால் சில பேர் வராமலே போய்விடுகிறார்களாம். அத்தனை பேர் உயிரையும் தானே காப்பாற்றுவதாக அவருக்கு நினைப்பு.

போன வருஷம் அவருக்கு இதய ஆபரேஷன். முதல் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி அறை வாசலிலேயே நின்றிருந்தார்.

"தம்பி, உங்க அண்ணாச்சி கடைசி அத்தியாயத்தைப் படிக்கப் போறேங்காவ."

வேகமாக அறைக்குள் போனேன். அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்தபடி ஒரு நாவலின் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். "முடிவு தெரியாமப் போயிரக் கூடாதுல்லா" என்று சிரித்தார். நான் புத்தகத்தைப் பிடுங்கி, கடைசி அத்தியாயத்தை அப்படியே கிழித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்தேன்.

"ஏலே பாவி, புத்தகத்தைக் கிழிக்கியே!"

"ஆபீசுக்கு வந்து வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி."

ஆபரேஷன் முடிந்து வந்துவிட்டார். உடம்புதான் பாதியாகியிருந்தது, வாய் அப்படியே இருந்தது. வந்த அன்றே ஒரு நிலாப் பயணத்தைப் பிரித்துவைத்து, "நங்கூரமே இல்லாமப் போறானேல!" என்று ஆரம்பித்தார்.

கிழித்த அத்தியாயம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. நானும் படிக்கவில்லை. அண்ணாச்சி இன்னும் அதைக் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.