ஓலையில் ஏறிய எம்.எஸ்.

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்தது. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் எந்தக் கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வந்து சத்தியம் செய்யத் தயார். கற்பூரம் என்றால் கற்பூரம், வேதப் புத்தகம் என்றால் வேதப் புத்தகம்.

எல்வின் எம்.எஸ். படிக்கப் போகிறான் என்பது, எல்வினுக்கே ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் தெரியவந்தது.

கல்யாணம் நிச்சயமானால் கிறிஸ்தவக் கோயிலில் மூன்று ஞாயிறு தொடர்ந்து ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்கிற அறிவிப்பு. வாசிப்பவர், சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் சவரிமுத்து. முப்பத்தொரு வருஷமாக வாசிக்கிறார். தும்மல் வந்தால்கூட முற்றுப்புள்ளி வரும்வரை அடக்கிக்கொள்கிற மனிதர்.

"ஏற்காடு ஜெயமேரியின் மகனும், வருகிற ஜூலையில் எம்.எஸ். இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ் என்னும் முதுகலைப் படிப்பு படிக்கவிருப்பவருமான எல்வினுக்கும், கொட்டச்சேடு மனுவேலின் மகள் அபிஷாவுக்கும்..."

கோயிலில் வேறு எல்வின் யாராவது இருக்கிறானா என்று எல்வின் திரும்பிப் பார்த்தான். இல்லை.

ஏற்காடு கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன் அவன். ஆதார் திருத்தம், கரண்ட் பில், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. சேலத்தில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தான். படித்தான் என்றால், மூன்று வருஷம் பஸ்ஸில் போய்வந்தான். இரண்டு பேப்பர் அரியராக நின்று ஏழு வருஷம் ஆகிறது. பெண் வீட்டில் பி.எஸ்சி. என்று மட்டும் சொல்லியிருந்தது. அரியர் உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. இவனும் வலியப்போய்ச் சொல்லவில்லை.

"ஏண்டா சாமி, பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு," என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயமேரி கண்ணாலேயே கேட்டாள்.

கல்யாணத் தரகர்தான் அளந்துவிட்டிருக்க வேண்டும் என்று எல்வின் நினைத்தான். எழுந்து, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. அந்த நிமிஷத்தில் அபிஷா தலையைக் குனிந்துகொண்டாள். பூரிப்பில் வந்த வெட்கம் என்று எல்வினுக்குத் தோன்றியது. நிமிஷம் போய்விட்டது.

வெளியே வந்தபோது நாற்பது பேர் கைகொடுத்தார்கள். நாற்பது பேருக்கும் "ஆமாங்க" என்றான். நாற்பத்தோராவது ஆள் வருங்கால மாமனார் மனுவேல். காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். பேச்சுக்கும் கணக்கு வைத்துக்கொள்கிறவர்.

"மாமா, அந்தப் படிப்பு விஷயமுங்க..."

"அதப் பத்தி எங்க ஊட்டுல யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேனுங்க மாப்பிள்ளை."

"இல்லீங்க மாமா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"வேண்டாமுங்க. உங்க மனசு எங்களுக்குப் புரியுதுங்க."

கண்ணுபட்டுவிடும் என்று பயப்படுகிறார் போலும் என்று எல்வின் நினைத்துக்கொண்டான். நிச்சயம் ஆன நாளிலிருந்து காலையில் தவறாமல் வந்துகொண்டிருந்த அபிஷாவின் வாட்ஸ்அப் வணக்கம் திங்கட்கிழமை வரவில்லை. பெரிய படிப்புக்காரன் என்று மரியாதை கூடிவிட்டது போல.

கடையைத் திறந்ததும் பக்கத்து டீக்கடை வெங்கடாசலம் ஒரு ரேஷன் கார்டோடு வந்து நின்றார்.

"ஏனுங்க எம்.எஸ்., இத ஒரு ஜெராக்ஸ் எடுக்கோணும். உங்க படிப்புக்கு இது கவுரவக் கொறச்சலுன்னா வேண்டாமுங்க, நான் சேலமே போய்க்கறேன்."

"குடுங்கண்ணா."

"அதென்ன படிப்புங்க அது?"

"தகவலையெல்லாம் ஒழுங்குபண்ணி, எடம் மாறாம வெச்சிருந்து, கேட்டப்ப எடுத்துத் தர்றதுங்கண்ணா."

"அத எங்க ஊட்டுக்காரி நொம்ப நாளாப் பண்றாளுங்க. நான் பன்னெண்டு வருசத்துக்கு முந்திச் சொன்னத நேத்து தேதியோட எடுத்துப் போட்டா. அவளுக்கு யாரும் எம்.எஸ். குடுக்கல."

எல்வின் ஷட்டரைப் பாதி இறக்கினான். நிஜமாக்கிவிட்டால் பொய் இல்லை அல்லவா? கம்ப்யூட்டரில் தேடினான். படிப்பு நிறைய இருந்தது. கல்லூரியும் நிறைய இருந்தது. எல்லா விண்ணப்பமும் முதல் வரியிலேயே பட்டச் சான்றிதழைக் கேட்டது. அந்தச் சான்றிதழ் இரண்டு பேப்பர் தூரத்தில், பல்கலைக்கழகத்திலேயே இருந்தது. அரியர் பரீட்சை நவம்பரில். படிப்பு தொடங்குவது ஜூலையில். காலண்டரை எந்தப் பக்கமிருந்து புரட்டினாலும் ஜூலைதான் முந்திக்கொண்டு வந்தது.

சரி, ஓலையிலிருந்து அந்த வரியை எடுத்துவிடச் சொல்லலாம் என்று புதன்கிழமை சவரிமுத்து வீட்டுக்குப் போனான். பனி இறங்கினால் யார் கண்ணிலும் படாமல் போய்வரலாம் என்று பார்த்தான். அன்றைக்கென்று வெயில் பளிச்சென்று அடித்தது. வழியெல்லாம் கைகொடுத்தார்கள்.

அவனைப் பார்த்ததும் சவரிமுத்துவின் முகம் ஏனோ வெளிறியது.

"உபதேசியாரே, ஓலையில அந்தப் படிப்பு வரி... கொஞ்சம் சரியில்லீங்க."

கிழவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "தெரியுமுங்க தம்பி. ஞாயித்துக்கெழமையிலிருந்து சோறு எறங்கல. ஒண்ணு மட்டும் கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். நீங்களும் எம்.எஸ். படிக்கத்தானே போறீங்க?"

இல்லை என்று சொல்லத்தான் எல்வின் வாயைத் திறந்தான். மூன்று நாளாக "ஆமாங்க" சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டிருந்தது.

"ஆமாங்க."

"அப்பாடா." கிழவரின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நெஞ்சுல இருந்த கல்ல எறக்கி வெச்சுட்டீங்க தம்பி. அப்ப எழுதுனது தப்பே இல்ல. இன்னும் வெவரமாவே போட்டுடறேன். எந்த ஊர்லங்க?"

எல்வின் சுவரைப் பார்த்தான். உரக்கடைக் காலண்டரில் பனிமலை ஒன்று இருந்தது.

"கனடாங்க."

இரண்டாவது ஞாயிறு, "கனடா நாட்டில்" என்கிற இரண்டு சொற்களைச் சவரிமுத்து அடிவயிற்றிலிருந்து எடுத்து வாசித்தார். பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர் தன்னை மறந்து ஒரு கட்டையை அழுத்திவிட்டார்.

திங்கட்கிழமைக்குள் எல்வினுக்கு ஒன்பது ஸ்வெட்டர், பதினான்கு குரங்குக் குல்லா சேர்ந்தன. செவ்வாய்க்கிழமை மனுவேல் சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஜூலைக்குன்னு வாங்குனதுங்க மாப்பிள்ளை. இனி எங்க ஊட்டுல இதுக்கு வேலை இல்லீங்க. நீங்களே வெச்சுக்கங்க."

"மாமா, இதெல்லாம் எதுக்குங்க?"

"புள்ளதான் குடுத்துடச் சொல்லுச்சு." சொல்லிவிட்டு அவர் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தார். "கண்ணத் தொடச்சுட்டுத்தான் சொல்லுச்சு."

தன்னைப் பிரிய வேண்டுமே என்று அழுதிருக்கிறாள் என்று எல்வினுக்கு உள்ளுக்குள் அறுத்தது. இப்படி அழுகிற பெண்ணிடம் கனடாவும் இல்லை, பட்டமும் இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் ஜூலை வரும்.

இந்த நிலையில் பங்குச் சாமியார் கூப்பிட்டனுப்பினார். ஞானஸ்நானப் பதிவேடு கரையான் அரிக்கிறது, கனடா போவதற்குள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்துவிட்டுப் போகவேண்டும் என்றார். மாட்டேன் என்று ஒரு எம்.எஸ். சொல்ல முடியுமா? இதையாவது நன்றாகச் செய்து காட்டினால், உண்மை தெரிகிற அன்றைக்குக் கொஞ்சம் கரிசனம் கிடைக்கும் என்று எல்வின் கணக்குப் போட்டான். நான்கு நாள் கடையைச் சாத்திவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டு பெயரையும், எதிரே தாய் தகப்பன் பெயரையும் அடித்து முடித்தான். ஒரு பிழை இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம், பெயர்களை அகர வரிசையில் அடுக்கினால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்று தோன்றியது. பெயர் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு தட்டுத் தட்டினான். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார்கள். தாய் தகப்பன்மார் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்வின் அதைக் கவனிக்காமல் பிரிண்ட் எடுத்து, கோயில் அறிவிப்புப் பலகையில் வரிசையாக ஒட்டிவிட்டுப் போனான்.

மூன்றாவது ஞாயிறு காலையில் பலகை முன்னால் திருவிழாக் கூட்டம். எழுபத்தாறு வயதுக்காரர் ஒருவர், போன வருஷம் கல்யாணமான ஜோடிக்குத் தலைச்சன் பிள்ளையாகப் பிறந்திருந்தார். பரவாயில்லை, நல்ல பையன்தான் என்று அந்த ஜோடி அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தது.

எல்வினின் பெயருக்கு எதிரே தகப்பன் மனுவேல், தாய் ஆரோக்கியசெல்வி என்று இருந்தது. ஆரோக்கியசெல்வி என்பது மனுவேலின் மனைவி, அபிஷாவைப் பெற்றவள்.

"பத்து மாசம் சொமந்தவ நானு," என்றாள் ஜெயமேரி. "பேரு மட்டும் சம்பந்திக்காடா?"

"ஏனுங்க எல்வின்," என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். "இந்தப்படி பாத்தா பொண்ணு உங்களுக்குக் கூடப்பொறந்த தங்கச்சி ஆகுதுங்களே. கல்யாணம் செல்லுங்களா?"

"கனடாவுல செல்லுமோ என்னமோ," என்றார் இன்னொருவர்.

மனுவேல் பலகையை இரண்டு தடவை படித்தார். உள்ளே போய்விட்டார்.

எல்வின் கடைசிப் பெஞ்சில் ஒண்டிக்கொண்டான். பதினான்கு குல்லாவில் ஒன்றையாவது போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். சவரிமுத்து ஓலையைப் பிரித்தார். ஜூலை, எம்.எஸ்., கனடா எல்லாம் வந்தது.

"இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்."

எல்வின் எழுந்தான். எழுந்திருக்க அவன் முடிவு செய்யவில்லை. இதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"நான் எம்.எஸ். படிக்கலீங்க. படிக்கவும் முடியாதுங்க. பி.எஸ்சி.யே முடிக்கல, ரெண்டு அரியர் நிக்குது. கனடாவை நான் உரக்கடைக் காலண்டர்லதான் பாத்தேன். ரெண்டு வாரமா எல்லார்கிட்டயும் ஆமாங்க, ஆமாங்கன்னு சொல்லிட்டே இருந்துட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

சவரிமுத்து ஓலையை மடித்துக் கீழே வைத்தார்.

"தம்பி," என்றார். "நீங்களும் படிக்கறதாச் சொன்னீங்களே. அத நம்பித்தான் இத்தன நாள் தூங்குனேன். அது உங்க வரி இல்லீங்க, பொண்ணோட வரி. கோயமுத்தூர்ல எம்.எஸ்.ஸுக்குச் சீட்டுக் கெடச்சிருக்குதுன்னு அந்தப் புள்ள ஓலைக்கான படிவத்துல எழுதிக் குடுத்துது. படிப்புன்னா அது மாப்பிள்ளைக்குத்தான் இருக்கும்னு கை தானா உங்க பேருக்கு நேரா எழுதிடுச்சு. அன்னிக்கு ராத்திரியே படிவத்த எடுத்துப் பாத்தேன். முப்பத்தொரு வருசத்துல மொதல் தப்பு. வெளிய சொல்ல வெக்கமாப் போச்சுங்க."

எல்வின் மனுவேலைப் பார்த்தான்.

"நாங்க வேற நெனச்சோமுங்க மாப்பிள்ளை," என்றார் மனுவேல், தரையைப் பார்த்துக்கொண்டு. "சீட்டு விஷயத்தத் தரகரு உங்ககிட்டச் சொல்லியிருப்பாரு, ஊட்டுக்காரி தன்னையவிட நொம்பப் படிச்சவன்னு ஓலையில வந்தா உங்களுக்குக் கூச்சமா இருக்கும், அதான் நீங்களே மாத்தி எழுதச் சொல்லிட்டீங்கன்னு. கல்யாணம் நல்லபடியா நடக்கோணுமேன்னு வாய மூடிட்டு இருந்தோம். புள்ள அந்தச் சீட்ட வேண்டாம்னு எழுதிப்போட உக்காந்துட்டுது. இன்னும் அனுப்பல."

முதல் ஞாயிறு அவள் தலையைக் குனிந்தது பூரிப்பினால் அல்ல என்பது எல்வினுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுடைய படிப்பை மாட்டிக்கொண்டு இரண்டு வாரம் ஊரெல்லாம் கைகுலுக்கியிருக்கிறான். இரண்டு அரியருக்காக வெட்கப்பட்டது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நிற்கவும் முடியாமல் உட்காரவும் தெரியாமல் நின்றான்.

பெண்கள் பக்கத்தில் அபிஷா எழுந்தாள்.

"அந்தச் சீட்ட விடப்போறதில்லீங்க," என்றாள்.

"விடக் கூடாதுங்க," என்றான் எல்வின்.

"நவம்பர்ல அரியர் எழுதுவீங்களா?"

"எழுதறேங்க."

"என்னென்ன பேப்பர்?"

சொன்னான்.

"நான் சொல்லித் தர்றேன். இப்ப உக்காருங்க, எல்லாரும் பாக்கறாங்க."

எல்வின் உட்கார்ந்தான். தடை ஏதும் இல்லை என்று சாமியார் அறிவித்தார். கல்யாணம் மே மாதம் நடந்தது, பெண் ஜூலையில் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

மற்றபடி, கல்யாண ஓலையில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், பெற்றவர்கள் பெயர், கோயில் பங்கின் பெயர் இவ்வளவுதான் இருக்கும். படிப்பை வாசிக்கிற வழக்கம் எந்தக் கோயிலிலும் கிடையாது. சத்தியம் செய்யக் கூப்பிடுகிறவர்கள் இதை மட்டும் கேட்காமல் விட்டால் நல்லது.