நங்கூரம் போட்ட ஸ்டீரியோ

கரண்ட் சாமான் வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் தருவார்களே, 'தண்ணீர் படக்கூடாது, ஈரக் கையால் தொடக்கூடாது' என்று படமெல்லாம் போட்டு, அதை ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள் நான். மிக்ஸி வாங்கினாலும் படிப்பேன், இஸ்திரிப் பெட்டி வாங்கினாலும் படிப்பேன். ரொம்ப ஜாக்கிரதையான மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் பேர். என் தங்கச்சி காதில் இது விழுந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை, வெற்றிலை பாக்கு கொடுப்பதற்கு முன்னாலேயே, ஷாக் கொடுத்து வரவேற்றவன் நான்.

எண்பதுகளின் ஆரம்பம். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்துக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. (வந்திருந்தது என்பதைவிட அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போனது என்று சொல்லலாம்.) குப்பத்தில் பத்தாவது வரை படித்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால், எந்த வீட்டில் பீஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு பல்பு மாட்ட மட்டும்தான் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

என் தங்கச்சி கஸ்தூரி வேலையில் கெட்டி, மனசில் தங்கம். வாய் மட்டும் வாடைக்காற்று, அடிக்க ஆரம்பித்தால் நிற்காது. அந்த வாயாலேயே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. முதலில் வந்தவர்கள் "சமைக்கத் தெரியுமா?" என்று கேட்க, "உங்க புள்ளைக்குக் கிழிஞ்ச வல பின்னத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டாள். இரண்டாவதாக வந்த மாமாக்காரர் "எங்க, கொஞ்சம் நடந்து காட்டும்மா" என்றார். "மொதல்ல நீ நடந்து காட்டு மாமா, பாக்கலாம்" என்றாள். காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள்.

மூன்றாவது இடம் சுண்ணாம்புக்குளத்தில் இருந்து வந்தது. மாப்பிள்ளை பெயர் மாணிக்கம், சொந்தமாகப் படகு வைத்திருந்தார், நல்ல குடும்பம். அம்மா அழுதே விட்டாள்.

"இந்த எடமும் போச்சுன்னா உன்ன ஏரிக்குத்தான்டி கட்டிக் குடுக்கணும். அவங்க இன்னா கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு. வாயத் தொறந்த, நான் செத்தே பூடுவேன்."

கஸ்தூரி தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆகவே நானாக ஒரு திட்டம் போட்டேன். வீட்டில் பாட்டு அலறிக்கொண்டே இருந்தால் அவர்கள் கேட்பது இவளுக்குக் கேட்காது, இவள் சொல்வது அவர்களுக்குக் கேட்காது. கல்யாணம் முடிந்துவிடும். (பத்தாவது படிப்பின் மகிமை!)

பழவேற்காடு டவுனில் என் பள்ளிக்கூடத்துத் தோழன் காதர் இருந்தான். பரம்பரையாக வியாபாரக் குடும்பம். அவன் மட்டும் சவுதிக்குப் போய், லீவில் வரும்போது ஒரு ஸ்டீரியோ செட் கொண்டுவந்திருந்தான். இரும்புப் பெட்டி, இரண்டு பக்கமும் மர ஸ்பீக்கர். கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிட்டான், தங்கமான பையன்.

"டேய் மச்சி, இத்த ட்ரான்சிஸ்டர்னு நெனச்சிக்காத. தண்ணி படக் கூடாது. ஈரக் கையால தொடாத. பீஸ் போனா அதே மாதிரி மெல்லிசுக் கம்பிதான் போடணும். எர்த் கண்டிப்பா குடுக்கணும், இல்லாங்காட்டி பொட்டியத் தொட்டா அடிக்கும்."

"எர்த்னா இன்னாடா?"

"கம்பிய ஈரமான எடமாப் பாத்து பூமிக்குள்ள எறக்கறது. நீ ஒண்ணியும் தொடாத. வெள்ளிக்கெழம தொழுகை முடிஞ்சி நானே வந்து மாட்டித் தரேன்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் போடா."

பெண் பார்ப்பதே வியாழக்கிழமை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடுமே!

படகில் ஏறி, புதுப் பெண்ணை அழைத்து வருவது போலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாதி ஏரியில் காற்று கிளம்பி ஒரு அலை எழும்பி, என்னையும் பெட்டியையும் சேர்த்து நனைத்தது. துண்டால் துடைத்தேன். அந்தத் துண்டு காலையிலிருந்து இறால் கூடையில் கிடந்த துண்டு.

வீட்டில் பிளக் சேரவில்லை. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு ஒயரையும் சுவிட்சு போர்டு ஓட்டையில் சொருகி, தீக்குச்சியால் முட்டுக் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று பீஸ் போனது. மறுபடி கட்டினேன், மறுபடி போனது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மீன் கோத்து வைக்கிற தடிக் கம்பியில் ஒரு துண்டை வெட்டி, பீஸ் கட்டையில் முறுக்கினேன். 'இப்ப எப்டிப் போவுதுன்னு பாக்கறேன்!' போகவில்லை. பாட்டு கணீரென்று வந்தது. தெருவே கூடிவிட்டது. நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பெருமையோடு வந்து பெட்டியைத் தடவிப் பார்த்தவர், "யம்மாடி!" என்று பின்னால் துள்ளி, தொப்பென்று உட்கார்ந்தார்.

"இன்னாடா இது, பாடிக்கினே கடிக்குது?"

அப்போதுதான் எர்த் ஞாபகம் வந்தது. ஈரமான இடம் வேண்டுமாம்! வாசலிலேயே ஏரியைப் படைத்து வைத்திருக்கிற ஆண்டவன், என்னைக் குழி தோண்டவா சொல்வான்? நைனாவின் பழைய நங்கூரத்தை எடுத்துத் துரு சுரண்டி, பெட்டியிலிருந்து நீளமாக ஒரு கம்பி இழுத்து அதில் கட்டி, படகுத்துறையில் வீசினேன். படகு அசையாமல் நிற்க நங்கூரம் போடுகிறோம், கரண்ட் அசையாமல் நிற்கவும் அதுதானே போட வேண்டும்? பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அடிக்கவில்லை. நைனா என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று தலை வாரிக்கொண்டிருந்த கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். "அண்ணா, அவங்க அங்கதானே வந்து எறங்குவாங்க?"

"உனக்கு இன்னா தெரியும்? ஏரி எம்மாம் பெருசு! ஒரு பொட்டில கீற கரண்ட்ட அது கண்டுக்குமா? கம்முனு பூ வச்சிக்கோ போ."

மாப்பிள்ளை வீட்டார் படகு வந்தது. நான் பாட்டை வைத்தேன். வா, பயப்படாமல் வா என்று காதலி கூப்பிடுகிற பாட்டு. தன் அம்மாவை இறக்கிவிட வேண்டும் என்று மாணிக்கம் மரியாதையாக முதலில் தண்ணீரில் குதித்தார். குதித்தவர் மறுபடியும் குதித்தார்.

"யம்மா, கடிக்குது!"

என்ன ஏது என்று பார்க்க அவர் மாமா இறங்கினார். "ஏய், என்னியும் கடிக்குதுடா!"

"இழுதுடா! இழுது கூட்டம் வந்துக்கீது!" என்று கரையிலிருந்து ஒருத்தன் கத்தினான். இழுது என்றால் உடம்பில் பட்டாலே எரிகிற ஜெல்லி மீன். "இழுது இல்லடா, திருக்கை!" என்று இன்னொருத்தன் மறுத்தான். நைனா ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கரையில் நின்றவர்களெல்லாம் துடுப்பால் தண்ணீரை அடி அடி என்று அடித்தார்கள். படகில் தனியாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்தக் கூச்சல் கேட்டால் அபசகுனமாக இருக்குமே என்று பாட்டைச் சத்தமாக வைத்தேன். (இதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.)

என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு பட்டுப்புடவை உள்ளே பாய்ந்தது. கஸ்தூரிதான். துணி உலர்த்துகிற மூங்கில் கழியை எடுத்து, போர்டில் சொருகியிருந்த ஒயர் மேல் ஓங்கி ஒரே அடி. பாட்டு நின்றது. பாதி வைத்த பூ தலையில் தொங்க, கழியோடு கரைக்கு ஓடினாள்.

"மீனும் இல்ல, ஒண்ணியும் இல்ல! கரண்ட்டு! புடுங்கிட்டேன்!"

பிறகு, பின்னாலேயே ஓடி வந்த என் பக்கம் திரும்பினாள். அண்ணன் என்றும் பார்க்கவில்லை, சபை என்றும் பார்க்கவில்லை.

"அறிவு கெட்ட கய்தே! மனுஷன் எறங்கற எடத்துலயாடா கரண்ட்ட வுடுவ? அப்பவே சொன்னேனே, கேட்டியா? அந்த ஆளு செத்துப் பூட்டா நான் யாரடா கட்டிக்கறது?"

அம்மா மணலில் உட்கார்ந்து, "போச்சு, இதுவும் போச்சு" என்றாள். நான் மாணிக்கத்தைப் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் அவர் கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு உயிர் போயிருக்கும். என் தங்கச்சியின் வாழ்க்கையும் அதோடு போயிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாணிக்கம் என்னைப் பார்க்கவில்லை, நைனாவையும் பார்க்கவில்லை. நேராகக் கஸ்தூரியைப் பார்த்துக் கேட்டார். "அம்மாவ எறக்கலாமா?"

"எறக்கு. நான் கீறேன்."

அந்த அம்மாள் கரையேறி, மூச்சு வாங்கி, எங்கள் அம்மா பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்தார். "பொண்ணு வாய் ஜாஸ்தின்னு சொன்னாங்க" என்று ஆரம்பித்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எம் புள்ள துடிக்கறப்போ இத்தினி ஆம்பளைங்களும் மீனத் தேடிக்கினு இருந்தானுங்க. உம் பொண்ணு ஒருத்திதான் வூட்டுக்குள்ள ஓடிச்சி. வாய் இருந்தா இருந்துட்டுப் போவட்டும்மா. எங்க வூட்ல எல்லாம் ஊமைங்க, பேச ஆள் வேணும்." பிறகு என்னைக் காட்டி, "ஆனா கல்யாணத்துல மைக் செட்டுப் பக்கம் இந்தப் புள்ள மட்டும் வரக் கூடாது" என்றார்.

வரவில்லை. கல்யாணத்தன்று மேளக்காரர் பக்கத்தில் நின்றால்கூட யாராவது வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

காதர் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒளிந்து திரிந்தேன். அவனே தேடி வந்தான். பெட்டியைத் திறந்து உப்பைத் துடைத்து உலர வைத்தும் ஒரு பக்கத்து ஸ்பீக்கர் பேசவில்லை. "வுடு மச்சி. பொட்டி போனா வேற வாங்கிக்கலாம். நீங்கள்லாம் உசுரோட கீறீங்களே" என்றான். நாலு அடி அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மாணிக்கத்துக்கு இப்போது பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நான் அவர் வீட்டுக்குப் போனால், முதல் வேலையாகப் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். எல்லோருமாகப் படகில் எங்கே போனாலும், கரை சேர்ந்ததும் யாரும் அசைய மாட்டார்கள். பேரப்பிள்ளைகள் உட்படக் கோரஸாக ஒரே வார்த்தைதான்: "மொதல்ல நீ எறங்கு!"

முழங்கால் வலியோடு நான்தான் இறங்குகிறேன். தண்ணீரில் நின்று இரண்டு கையையும் தூக்கி, ஒன்றுமில்லை வாங்க என்று காட்டுகிறேன். எனக்கு அடுத்து இறங்குவது கஸ்தூரி. என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள்.

"இவன நம்பி எறங்கறேன் பாரு, என்னியத்தான் சொல்லணும்."