ஏழாம் மேடையில் பிடிபட்டவன்

பொறாமை பிடித்தவனுக்கு எழுத்தறிவு அதிகம். எதிரே என்ன எழுதியிருந்தாலும் தனக்கு வேண்டியதை மட்டும் அதில் வாசித்துவிடுவான். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதியும் உண்டு. ஒரு மனிதனின் தாடி அளவை ரயில் விவரம் என்று வாசித்து, அதை நம்பி மூன்று மணித்தியாலம் குளிரில் ஒளிந்து நின்றவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஜெர்மனியில், ஹம் நகரில் அக்கா வீட்டு மேல்மாடி அறையில் இருந்தேன். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. முரளி ஹனோவரில் ஆராய்ச்சி மாணவன், கோயம்புத்தூர்க்காரன். நாங்கள் இருவரும் காதலித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அக்காவுக்கு அவன் ‘கொம்பியூட்டர் சொல்லித்தாற பெடியன்.’ (முழுப் பொய்யும் இல்லை. மின்னஞ்சல் திறக்க என்னைப் பழக்கியவன் அவன்தான்.)

டெலிபோன் வயரில் இணையம் கீச்சிட்டுக்கொண்டு வந்த காலம் அது. எங்களைப் போன்ற ஆண்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க மின்னஞ்சல் குழுக்கள் இருந்தன. ஒருவர் எழுதினால் குழுவில் உள்ள எல்லோருக்கும் போகும். முரளி இருந்தது ‘கரடிகள்’ குழு. தாடியும் தொப்பையும் உடம்பு நிறைய ரோமமுமாக இருக்கும் ஆண்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட செல்லப் பெயர் அது. அவர்களைப் பிடித்தவர்களும் சேரலாம். முரளி பிறவிக் கரடி. நான் இரண்டாவது வகை. என் முகத்தில் முளைத்ததை ஒரு கை விரல்களால் எண்ணி முடித்துவிடலாம்.

அந்தக் குழுவில் சேர்ந்த முதல் நாளே என் மானம் போனது. வணக்கம் சொல்லி என்னை அறிமுகப்படுத்தி, கடிதம் முழுவதையும் பெரிய எழுத்தில், அதாவது கேபிட்டல் எழுத்தில், எழுதி அனுப்பினேன். இந்த நாட்டில் அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து நான் நிரப்பிய ஒவ்வொரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பப் படிவத்திலும் ‘பெரிய எழுத்தில் நிரப்பவும்’ என்றுதான் போட்டிருந்தது. அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் குழுவின் பொறுப்பாளர் எல்லோரும் பார்க்கப் பதில் எழுதினார். “ஏன் கத்துகிறீர்கள்? இங்கே பெரிய எழுத்து என்றால் கத்துவது. புதிதாக வருபவர் சில கிழமை சத்தம் போடாமல் வாசித்துவிட்டு, பிறகு எழுதுவதுதான் வழக்கம். உங்கள் சொந்தப் பெயரையும் ஊரையும் வேறு எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், உங்களுக்குத்தான் ஆபத்து.”

நல்லதற்குத்தான் சொன்னார். நான் அன்றே குழுவை விட்டு விலகினேன். அந்தப் பொறுப்பாளர் தனக்கு வைத்திருந்த பெயர் புரூனோ. அந்தப் பெயரை நான் மறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹனோவரில் முரளியின் அறையில் இருந்தேன். அவன் அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். கணினி திறந்தபடி கிடந்தது. நான் சும்மாதான் எட்டிப் பார்த்தேன். (பொறாமைக்காரர்கள் எல்லோரும் சும்மாதான் எட்டிப் பார்ப்பார்கள்.) புரூனோவிடமிருந்து முரளிக்குத் தனியாக ஒரு கடிதம்!

“முரளி, நீ அனுப்பியது கிடைத்தது. பிரமாதம்! *இறுக்கி அணைக்கிறேன்*” என்று எழுதி, அடியில் ஒரு வரி:

B7 f+ w t- g

இரண்டு விஷயங்கள் கண்ணில் குத்தின. முதலாவது, அந்த அணைப்பு. இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே போட்டால் அது இணையத்துப் பாவனை, கைகுலுக்குவது மாதிரி எல்லோரும் எல்லோருக்கும் கொடுப்பது என்று எனக்குத் தெரியாது. நட்சத்திரம் போட்டு அணைக்கிறான் என்றால் அது விசேஷ அணைப்பு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது, அந்த ரகசிய வரி. பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் அதை எழுதி, காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடவாதவன் போல் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஹம் திரும்பும் ரயிலிலேயே பூட்டைத் திறந்துவிட்டேன். B7 என்றால் பான்ஸ்டைக் ஏழு, அதாவது ரயில் நிலையத்தின் ஏழாம் மேடை. f என்றால் ஃப்ரைடாக், வெள்ளிக்கிழமை. கூட்டல் குறி என்றால் வேலை முடிந்த பிறகு. w என்றால் ‘வீ இம்மர்’, வழக்கம் போல. (வழக்கம் வேறு இருக்கிறதா, படுபாவி!) g என்றால் ‘கெஹைம்’, ரகசியம். நெஞ்சைப் பிளந்தது t-தான். t என்றால் டமீலெ, தமிழன். கழித்தல் குறி. தமிழன் இல்லாமல். அதாவது நான் இல்லாமல்.

முரளியும் தமிழன்தானே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை அவனுக்கு டெலிபோன் எடுத்து, குரலை நடுங்க வைத்துச் சொன்னேன். “காய்ச்சல். இந்தக் கிழமை வர ஏலாது.”

“ஐயோ, டாக்டர்ட்ட போனியா? டெம்பரேச்சர் எவ்ளோ?” என்று கேட்டான். என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வேலையை இன்னொருவருடன் மாற்றிக்கொண்டு, அக்காவிடம் “முரளியிட்டைப் படிக்கப் போறன்” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். மத்தியானம் இரண்டு மணிக்கே ஹனோவர் ஏழாம் மேடையில், குளிர்பான இயந்திரத்துக்குப் பின்னால் நின்றேன். தலையில் அத்தானின் கம்பளித் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அது நவம்பர் மாதம். சூரியனே வராத ஊரில் நான் மட்டும் வெயிலுக்குப் பயந்து நின்றேன். இயந்திரத்தில் காசு போட வந்த ஒரு பெண் என்னைக் கண்டு தாகமே தீர்ந்தவள் போல் திரும்பிப் போனாள்.

ஐந்து மணிக்கு முரளி வந்தான். தாடியைச் சீவியிருந்தான். நல்ல ஜாக்கெட், கையில் ஒரு பை. எனக்கு உடம்பெல்லாம் உண்மையாகவே காய்ச்சல் போல் கொதித்தது. அங்கே கிடந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில், நெஞ்சுவரை தாடி வைத்த ஒரு பருத்த ஜெர்மன்காரர். அவர் முரளியின் பையைக் காட்டி ஏதோ கேட்டார். முரளி சிரித்தான். எனக்கு மட்டுமே சொந்தமென்று நான் நினைத்திருந்த சிரிப்பு.

பாய்ந்தேன். “பிடிச்சிட்டன்! B7 f+ w t- g! எல்லாம் எனக்குத் தெரியும்! நீதானே புரூனோ?” என்று தமிழிலும் ஜெர்மனிலும் கத்தினேன். இந்த முறை உண்மையாகவே பெரிய எழுத்தில்.

தாடிக்காரர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தார். பையில் என்ன இவ்வளவு வாசமாக இருக்கிறது என்று கேட்டதைத் தவிர அவர் ஒரு பாவமும் செய்யவில்லை.

முரளி என்னையே பார்த்தான். “உனக்கு ஃபீவர்னு சொன்ன?”

“நீ எங்கை போறாய்? அதை முதல் சொல்லு!”

“ஹம்முக்கு. உனக்கு ரசம் வச்சு எடுத்துட்டு வரேன். இந்த ட்ரெயின்லதான நீயும் வாராவாரம் போற?”

உண்மைதான். ஹம் பக்கம் போகும் ரயில் அந்த ஏழாம் மேடையில்தான் வந்து நிற்கும். ஒரு வருடமாக அதே மேடையில் கையசைத்துப் பிரிந்த எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

“அப்ப அந்த B7?”

“என் மெயிலைப் படிச்சியா?” அவன் குரல் தாழ்ந்தது. “அது கரடிங்க தங்களப் பத்திக் குடுக்கற டிஸ்கிரிப்ஷன்டா. B7னா தாடி எவ்ளோ அடர்த்தின்னு. f பாடி ஹேர். w குண்டு. t மைனஸ்னா ஆள் குள்ளம். g-ன்னா கட்டிப்பிடிக்கக் கூச்சப்படாதவர். அவருக்கு சாம்பார் ரெசிபி அனுப்பினேன், அதுக்கு தேங்க்ஸ் சொன்னார். அவருக்கு அறுபத்திரண்டு வயசு!”

ரயில் வந்து நின்றிருந்தது. கதவருகே நின்ற நடத்துநர், விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கும் நல்ல தாடி. “நீங்களா B7?” என்று ஜெர்மனில் மெதுவாகக் கேட்டார். “வாய்ப்பே இல்லை.” பிறகு முரளியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்கு அந்த நடத்துநர் மேல் பொறாமை வந்தது என்பதை இங்கே பதிவு செய்யவேண்டும்.

“இவ்ளோ பேர் முன்னாடி கத்தற. யாராவது தெரிஞ்சவங்க இருந்தா?” என்றான் முரளி. கண் கலங்கியிருந்தது. “நீ நம்பலைன்னா நான் எதுக்கு?” பையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறினான். எங்கே போகிறோம் என்று யோசித்து ஏறவில்லை, என்னிடமிருந்து தூரமாய்ப் போனால் போதுமென்று ஏறியதாகப் பிற்பாடு சொன்னான். நான் அசைவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

அடுத்த ரயிலில் நான் ஹம் வந்து, வீட்டுக் கதவைத் திறந்தபோது, முரளி அக்காவின் அடுப்படி மேசையில் இருந்தான். முன்னால் புட்டு. தொடவில்லை. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“முதல் அந்தக் கண்ணாடியைக் கழட்டு” என்றாள்.

கழற்றினேன்.

“முரளியிட்டைப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனாய். உனக்குக் காய்ச்சல் எண்டு வச்ச ரசத்தோடை அந்தத் தம்பி இஞ்சை வந்து நிக்குது. என்ன நடந்தது எண்டு கேட்டால், தான் வேறை ஆரையோ பாக்கப் போறன் எண்டு நினைச்சு நீ ஒளிச்சு நிண்டனியாம் எண்டுது. அதுக்கு மேலை ஒண்டும் சொல்லேல்லை.”

“அது வந்து, அக்கா, சிநேகிதன்...”

“சிநேகிதனுக்கு ஆரும் ரயில் ஏறிப் போய் ஒளிச்சு நிப்பினமோடா? கலியாணம் கட்டின புதுசிலை உன்ரை அத்தான் எனக்குப் பின்னாலை இப்பிடித்தான் திரிஞ்சவர். எனக்குத் தெரியாதோ?”

வருடக்கணக்காக எத்தனையோ பொய் சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்ததை, ஐந்து நாள் பொறாமை மேசைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டது. அக்கா யன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு முரளியிடம் சொன்னாள். “நீங்கள் சாப்பிடுங்கோ தம்பி. பிழை உங்களிலை இல்லை.”

முரளி என்னை மன்னிக்க மூன்று கிழமை எடுத்தது. அக்கா என்னோடு இரண்டு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் அவனோடு கதைத்தாள். ‘சுகமா இருக்கிறியளோ’ என்று முதலில் ஒரு டெலிபோன். பிறகு கிழமைக்கு ஒன்று. பிறகு சமையல், உடம்பு, வாழ்க்கை என்று எல்லாமே.

ஆணும் ஆணும் மணக்கலாம் என்ற சட்டம் வந்த பிறகு நாங்கள் பதிவுத் திருமணம் செய்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் அக்கா. விருந்தில் எழுந்து நின்று, “என்ரை தம்பிமாதிரி ரயில் ஸ்டேசனிலை நிண்டு குடும்பத்துக்குத் தன்னைத் தானே காட்டிக்குடுத்தவன் இந்த ஜெர்மனியிலை ஒருத்தனும் இல்லை” என்று தொடங்கி, முழுக் கதையையும் நடித்துக் காட்டினாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது யாரையாவது சந்தேகப்பட்டால், அக்காவின் பிள்ளைகள் “மாமா, எத்தினையாம் மேடை?” என்றுதான் கேட்பார்கள்.

அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமையும் அக்கா டெலிபோன் எடுத்தாள். ரிசீவரைத் தூக்கியது நான்தான். “ஓ, நீயோ” என்றாள். “முரளியிட்டைக் குடு.”

கொடுத்தேன். நாற்பது நிமிடம் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டேன்.